பதினாலாவது பலகை

அலுவலகத்தில் அவரைப் பைசலார் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மனு வந்தாலும் முப்பது நாளுக்குள் ‘பைசல் செய்யப்பட்டது’ என்று எழுதிக் கட்டி வைத்துவிடுவார் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. கேலியாக ஆரம்பித்து, போகப்போக மரியாதையாகிவிட்டது. அவரைக் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. லஞ்சம் வாங்கமாட்டார். மனு கொடுக்க வருகிறவர்களை உட்காரச் சொல்வார், மின்விசிறியைக்கூட அவர்கள் பக்கம் திருப்பி வைப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் ஓர் அம்மாளின் காலை உடைத்தார். அதுவும் பக்கத்தில் போகாமலே, ஒரு பொத்தானை அமுக்கி.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். குறைதீர்ப்பு அலுவலகம் ஒரு காலத்தில் எல்லா அலுவலகத்தையும் போலத்தான் இருந்தது. மனுக்கள் வரும், அலமாரியில் தூங்கும், மனுதாரர்கள் வருவார்கள், திட்டுவார்கள், போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ‘நல்லாட்சி மேம்பாட்டுப் பிரிவு’ என்று ஒன்று ஆரம்பமாயிற்று. அதன் இயக்குநர் நான்கு நாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர். வந்ததும் ஒவ்வோர் அலுவலகச் சுவரிலும் ஆள் உயரத்துக்கு ஒரு திரையை மாட்டச் சொன்னார். அதில் ஒரு மனுவுக்கு ஒரு புள்ளி. புதிதாக வந்தால் மஞ்சள், தீர்ந்தால் பச்சை, முப்பது நாள் தாண்டினால் சிவப்பு. சிவப்புப் புள்ளி விழுந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர் தலைமையகத்துக்குப் போய், நூறு பேர் எதிரில் எழுந்து நின்று, தான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று வாசிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் யாரும் மனுதாரர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. எல்லோர் கண்ணும் திரையில்தான். ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். பக்கத்து மேஜைக்காரர் அவரைத் தூக்கப் போகுமுன் அவர் மனு என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பச்சையாக இருந்தது, நிம்மதியாகத் தூக்கினார்.

இந்த நிலைமையில்தான் இஸ்திரி போடும் அம்மாளின் மனு வந்தது. மூன்றே வரி. ‘கால்வாய் மேல் உள்ள மரப் பாலத்தில் பதினாலாவது பலகை இல்லை. துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தினம் நான்கு தடவை போய் வருகிறேன். ஒரு பலகை போட்டுத் தரவும்.’

பைசலார் முறைப்படி எழுதினார். கால்வாய்ப் பிரிவுக்கு எழுதினார். தண்ணீர்தான் எங்களுடையது, தண்ணீருக்கு மேலே இருப்பது எங்களுடையதல்ல என்று பதில் வந்தது. சாலைப் பிரிவுக்கு எழுதினார். சக்கரம் போகாத எதையும் சாலை என்று கருத இயலாது என்றார்கள். மரச்சாமான் பிரிவு என்று ஒன்று இருந்தது, அதற்கும் எழுதிப் பார்த்தார். பாலத்துக்கு எத்தனை இழுப்பறை என்று கேட்டிருந்தார்கள். இப்படிப் பந்தாடியதில் இருபத்தொன்பது நாள் ஓடிவிட்டது. மறுநாள் காலையில் புள்ளி சிவந்துவிடும்.

“அந்த மஞ்சளை என்ன செய்யப் போறீங்க?” என்று கண்காணிப்பாளர் கேட்டார். பாவம், அவருக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு.

“பலகை வரலையே சார்.”

“பலகையை யார் கேட்டா? முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம். அதைத்தான் கேக்கறாங்க.”

‘முன்பு’ படம் இருந்தது. ‘பின்பு’ தான் இல்லை. பைசலார் தலையைப் பிய்த்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் குடிமக்கள் சாசனம் தொங்கியது. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், நல்ல தேக்கு. ‘உங்கள் குறை கனிவுடன் கேட்கப்படும், உரிய காலத்தில் உண்மையான பதில் தரப்படும்’ என்பதில் தொடங்கி எட்டு வாக்குறுதிகள் அதில் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தன. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அதைக் கழற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். எழுத்து தெரியாமல் குப்புற வைத்தார். அளவெடுத்துச் செய்தாற்போல் ஓட்டையின் மேல் உட்கார்ந்தது. படம் எடுத்தார். பிறகு பலகையைத் தூக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டார். கணினியில் படத்தை ஏற்றிப் பொத்தானை அமுக்கினார், மூன்று மணிக்குப் புள்ளி பச்சையாயிற்று. இயந்திரம் தானாகவே அந்த அம்மாளுக்குச் செய்தி அனுப்பியது: ‘தங்கள் குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது. மகிழ்ச்சியுடன் இருங்கள்.’

அதோடு அவர் அதை மறந்தே போனார். ஒரு மாதம் கழித்து இயக்குநரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. ‘மகிழ்ந்த மனுதாரர் விழா’ நடக்கப்போகிறது, வெளிநாட்டு ஆலோசகர்கள் வருகிறார்கள், மாநகரத்திலேயே சிறந்த முன்பு–பின்பு படமாகப் பதினாலாவது பலகை தேர்வாகியிருக்கிறது, சம்பந்தப்பட்ட எழுத்தர் மனுதாரரை நேரில் அழைத்து வர வேண்டும். பைசலார் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். இருந்தாலும், பலகை இல்லாததைப் பார்த்து அந்த அம்மாள் நாலு வார்த்தை திட்டுவாள், கேட்டுக்கொண்டு கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்துவிடலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டு போனார்.

கால்வாயை ஒட்டி ஒற்றை அறை. வாசலில் இஸ்திரி மேஜை, அதன் மேல் ஆறிக் கிடந்த பெட்டி. அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. இவர் இன்னார் என்று சொன்னதும் கையூன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

“உக்காருங்கம்மா. காலுக்கு என்ன?”

“நீங்க தேடிக்கிட்டு வருவீங்கன்னு தெரியும் சார். தப்பு என் மேலதான். பலகையை ஒடைச்சுட்டேன்.”

“எந்தப் பலகையை?”

“நீங்க புதுசா போட்டதைத்தான். முன்னாடியெல்லாம் எண்ணிக்கிட்டேதான் நடப்பேன் சார். மூட்டை கண்ணு மேல வந்து தொங்கும், கீழ பாக்க முடியாது. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். பதிமூணுல நின்னு எட்டி வெச்சா பதினஞ்சு. மூணு வருஷம் எண்ணினேன், ஒருநாள் தப்புனதில்ல. மெசேஜ் வந்ததும் என் பொண்ணு படிச்சுக் காட்டினா. மறுநாள் காலைலதான் முதல் தடவையா எண்ணாம நடந்தேன். அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு சார், பின்னால வந்த பொண்ணுகிட்ட பேசிக்கிட்டே போனேன். அன்னிக்குன்னு பாத்து மூட்டையில ஜன்னல் துணியெல்லாம் சேத்துக் கட்டியிருந்தேன். கனம் தாங்காம பலகை முறிஞ்சு தண்ணில போயிருக்கும்.”

அவள் குரலைத் தாழ்த்தி, “எம் மேல கேஸு ஏதாச்சும் போடுவாங்களா சார்?” என்று கேட்டாள்.

“மாட்டாங்க” என்றார். அவள் மகள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். விழாவைப் பற்றிச் சொன்னார். கேஸ் இல்லை என்ற சந்தோஷத்தில் அவள் உடனே வருகிறேன் என்றாள். திரும்பி வரும்போது பாலத்தில் ஏறிப் பார்த்தார். பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நேரே கண்காணிப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

“மெதுவா பேசுங்க” என்றார் கண்காணிப்பாளர். “நீங்க சொல்ற பாலம் பச்சை.”

“ஆனா அதுல ஓட்டை இருக்கு சார். ஒரு மனுஷிக்குக் கால் போயிருச்சு.”

“ஓட்டை இருக்கறது பாலத்துல. பச்சை இருக்கறது நம்ம ஆபீசுல. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

“மனுவைத் திரும்பத் திறந்துட்டா, யாராவது பலகை போடுவாங்க இல்லையா?”

“தீர்ந்த குறையைத் திறக்க பொத்தானே கிடையாது. நான் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பொத்தான் வெச்சா மக்களுக்கு நம்பிக்கை போயிடும்னு எழுதியிருக்காங்க. இன்னொண்ணு தெரியுமா, சரி பண்ணின பாலத்தை ரிப்பேர் பண்ண எந்தப் பிரிவும் கையெழுத்துப் போடாது. போட்டா, அப்ப சரி பண்ணினது யாருன்னு கேள்வி வரும். நீங்க அதைத் தீர்த்த அன்னிக்கே அது தீர்ந்துபோச்சு.”

பைசலார் விடவில்லை. தன் பெயரிலேயே புது மனு போட்டார்: பதினாலாவது பலகை இல்லை. ‘இக்குறை ஏற்கெனவே தீர்க்கப்பட்டது’ என்று இயந்திரம் அரை நிமிஷத்தில் திருப்பிவிட்டது. வேறு வழியில்லாமல் தன் மீதே ஒரு புகார் எழுதினார். இன்ன எழுத்தர் இன்ன தேதியில் பொய்ப் படம் எடுத்து, பொய்யாகப் பைசல் செய்து, ஒரு பெண்ணின் கால் எலும்பு முறியக் காரணமாக இருந்தார், விசாரிக்கவும். அதை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பகுதிப் புகார்களைக் கவனிக்கும் எழுத்தருக்கு அனுப்பியது. அந்த எழுத்தர் அவரேதான்.

தன்னைத் தானே விசாரித்தார். கேள்வியை ஒரு தாளில் எழுதி, பதிலை இன்னொரு தாளில் எழுதி, எழுத்தர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று அறிக்கை வைத்தார். நல்ல அறிக்கை. அவருடைய சர்வீசிலேயே ஒரு பொய்கூட இல்லாத அறிக்கை அதுதான். கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டுக் கீழே எழுதினார்: ‘மனுதாரரும் எழுத்தரும் ஒரே நபராக இருப்பதால், இருவரும் நேரில் பேசிச் சமாதானமாகிவிட்டதாகக் கொள்ளலாம். பைசல்.’

வீட்டில் மனைவி அவருடைய போனை எடுத்து வந்து நீட்டினாள்.

“உங்க குறை முழுசா தீர்ந்துருச்சாம், மகிழ்ச்சியா இருக்கணுமாம். என்ன குறைங்க உங்களுக்கு?”

சொல்லிவிட்டார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள், அது அவரை இன்றுவரை விடவில்லை.

“வெச்சது வெச்சீங்க. அந்தப் பலகையை அப்படியே விட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?”

“அது ஆபீஸ் சாமான் பட்டியல்ல இருக்கு.”

சொல்லும்போதே அவருக்குக் கேவலமாக இருந்தது. பொய் சொன்னார் என்பதாவது ஒரு பக்கம். ஓட்டையின் மேல் மரம் இருந்தது, அதைத் தன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரே, அதை எதில் சேர்ப்பது? பத்தொன்பது வருஷமாகக் காகிதத்தில் கிடந்ததில், ஓர் ஓட்டையின் மேல் ஒரு பலகையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதே அவருக்குத் தோன்றாமல் போய்விட்டது.

“அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“மெஷின்கிட்ட சொன்னீங்க, ஆபீசர்கிட்ட சொன்னீங்க, உங்ககிட்டயே சொல்லிக்கிட்டீங்க. சொல்ல வேண்டியவங்களை மட்டும் விட்டுட்டீங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

விழா பெரிய அரங்கத்தில் நடந்தது. பதினாலாவது பலகையின் படம் சுவர் முழுக்க விரிந்தது. அவ்வளவு பெரிதாகப் பார்த்தபோதுதான் பைசலாருக்கு அது தெரிந்தது: பலகையின் இரண்டு முனையிலும் சுவரில் மாட்டுகிற பித்தளை வளையம், நடுவில் தொங்கவிடும் கம்பி. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஓர் ஆலோசகர் கையைத் தூக்கி அந்த வளையம் எதற்கு என்று கேட்டார். இயக்குநர் ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. “பாதுகாப்பு வளையம். சாதாரண பலகையில் இது இருக்காது. கீழ்மட்ட ஊழியர்களின் கற்பனைக்கு இடம் கொடுத்தால் இதெல்லாம் தானாக மலரும்” என்றார். ஆலோசகர்கள் குறித்துக்கொண்டார்கள். இனி போடும் எல்லாப் பாலப் பலகைகளிலும் இரண்டு வளையம் கட்டாயம் என்று அடுத்த வாரமே உத்தரவு வந்தது தனிக்கதை.

பிறகு அந்த அம்மாளை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். மாவுக்கட்டைப் பார்த்ததும் இயக்குநர் முகம் மலர்ந்தது.

“நண்பர்களே, ஆட்சி என்பது என்ன? அளப்பதுதான் ஆட்சி. எதை அளக்க முடியாதோ அது இல்லை என்று பொருள். இதோ இந்தத் தாயாரின் காலைப் பாருங்கள். இது ‘முன்பு’. திரையில் இருக்கிறதே, அது ‘பின்பு’. ஒரே மேடையில் இரண்டையும் காணும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் பிரிவு தொடங்கியபோது நிலுவை தொண்ணூறாயிரம். இன்று பூஜ்யம். மக்களிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எங்களிடம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.”

கைதட்டல் ஓய்ந்ததும் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார்கள். அவள் இரண்டு கையையும் கூப்பினாள்.

“எல்லாரும் மன்னிச்சுக்கணும். நல்ல பலகையா போட்டுக் குடுத்தாங்க. நான்தான் ஒடைச்சுட்டேன்.”

பைசலாருக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எப்படி மேடை ஏறினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஒலிவாங்கியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“அந்தம்மா எதையும் உடைக்கலை. அங்க பலகையே போடலை. படத்துல இருக்கறது எங்க ஆபீஸ் சுவத்துல தொங்கற சாசனப் பலகை. நான்தான் கொண்டுபோய் வெச்சு, படம் எடுத்துட்டு, திரும்ப எடுத்துக்கிட்டு வந்தேன். இவங்க அந்த மெசேஜை நம்பிக் காலை வெச்சாங்க. ஓட்டை இன்னும் அப்படியே இருக்கு.”

கண்காணிப்பாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் மட்டும் நிதானமாக எழுந்து வந்து பைசலாரின் தோளில் கையைப் போட்டார்.

“வெளிப்படைத்தன்மை என்று இத்தனை நாள் புத்தகத்தில் படித்தோம். இன்று கண்ணால் பார்க்கிறோம். ஓர் எழுத்தர் தன் குறையைத் தானே சொல்கிறார் என்றால், அந்தத் துணிச்சலை ஊட்டியது எது? நம் சீர்திருத்தம். இந்தக் குறை பதிவாகிவிட்டதா?”

பின்வரிசையிலிருந்து கணினிப் பிரிவுக்காரர், “பதிவாகித் தீர்ந்தும் போச்சு சார், போன வாரமே” என்றார்.

அன்றைக்கு விழுந்த கைதட்டலில் அது பெரியது. ஆலோசகர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பைசலாரின் கழுத்தில் ஒரு பதக்கத்தைப் போட்டார்கள். அவர் அந்த அம்மாள் பக்கம் குனிந்து ஏதோ சொல்லப் போனார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

“மூணு வருஷம் விழலை சார்” என்றாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலை பைசலார் வீட்டிலிருந்து சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு அலுவலகம் போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாசனத்தைக் கழற்றினார், சைக்கிளில் கட்டினார், பாலத்துக்குப் போய் எழுத்து கீழே இருக்கும்படி வைத்து எட்டு ஆணி அடித்தார். மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தார், அசையவில்லை. அடியில் உள்ள வாக்குறுதிகளை மீன்கள் வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும்.

நான்கே நாளில் மெமோ வந்தது. ஓட்டையை முப்பது நாளில் அடைக்காத அலுவலகம் பலகையைப் பற்றி நான்கு நாளில் எழுதியது. அரசின் வாக்குறுதிகளைப் பொதுமக்களின் காலடியில் போட்டது ஏன்? எழுத்துகள் மேல்நோக்கி இருந்தனவா, கீழ்நோக்கியா? வளையங்கள் பத்திரமாக உள்ளனவா? அவரைக் குறைதீர்ப்பிலிருந்து தபால் பிரிவுக்கு மாற்றி, உறை ஒட்ட உட்கார வைத்தார்கள். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் மனசு விடவில்லை. ஆணி அடித்துவிட்டால் தூக்கம் வரும் என்று நினைத்திருந்தார், வரவில்லை. மாவுக்கட்டு பிரித்த செய்தி தெரிந்ததும் ஒரு நாள் காலையில் அந்த அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் ஒரு கையில் கோலை ஊன்றி, மூட்டையைத் தூக்கிவிட ஆள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடுங்கம்மா. அந்தக் கரைவரைக்கும் நான் கொண்டுவந்து தரேன்.”

“உங்களுக்கு எதுக்கு சார்?”

“குடுங்க.”

அவள் ஓரமாக நகர்ந்து நின்றாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, மூட்டையை அவர் தலையில் ஏற்றச் சொன்னாள். நல்ல கனம். துணி கண்ணுக்கு மேல் வந்து தொங்கியது. அவள் சொன்னது வாஸ்தவம்தான், கீழே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினார். பின்னால் கோல் தட்டுகிற சத்தமும் அவள் எண்ணுகிற சத்தமும் வந்தன.

“பத்து, பதினொண்ணு, பன்னண்டு, பதிமூணு. நில்லுங்க சார். இப்ப எட்டி வைங்க.”

“பலகை போட்டாச்சேம்மா. நானே அடிச்சேன். எட்டு ஆணி.”

“பாத்தேன் சார், நல்லாத்தான் இருக்கு” என்றாள் அவள். “எட்டியே வைங்க.”

எட்டு ஆணியும் அவர் அடித்ததுதான், மேலே ஏறிக் குதித்துப் பார்த்ததும் அவர்தான். இருந்தும் அந்த இடத்தில் கால் ஊன்ற மறுத்தது. பைசலார் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பதினைந்தாவது பலகைக்கு எட்டி வைத்தார். பின்னால் அவளும் கோலை முதலில் ஊன்றி, மெதுவாகத் தாண்டி வந்தாள்.